வீட்டுத் தோட்டத்தில் புகையிலை: மருந்துக்கா, பூவுக்கா, இல்லை வேண்டவே வேண்டாமா?

வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்கள் புகையிலை விதை தேடுவதற்குப் பெரும்பாலும் இரண்டே காரணங்கள்தான். அவரையில் அசுவினி, செம்பருத்தியில் மாவுப்பூச்சி, இதற்கெல்லாம் கடை மருந்து அடிக்க மனசு வரவில்லை, கொல்லையில் நாலு புகையிலைச் செடி நின்றால் வேண்டும்போது இலையைப் பறித்துக் கஷாயம் போட்டுக்கொள்ளலாமே என்பது ஒன்று. சாயங்காலம் விரிந்து மணக்கும் பூப்புகையிலையின் படத்தை எங்கேயோ பார்த்துவிட்டு அதைத் தொட்டியில் வைக்க ஆசைப்படுவது இன்னொன்று. வெற்றிலையோடு போட வீட்டிலேயே விளைவித்துக்கொள்ளலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். அதை இந்த ஒப்பீட்டில் நான் சேர்க்கவே இல்லை. மருந்து அடிக்காமல், ரசாயன உரம் போடாமல் வளர்த்த இலையாக இருந்தாலும் அதில் நிக்கோட்டினும் இருக்கும், புற்றுநோயை உண்டாக்கும் பொருட்களும் இருக்கும். நம் கொல்லையில் விளைந்தது என்பதற்காக வாய்ப்புற்று நம்மை விட்டுவிடாது.

ஆக, நம் முன்னால் இருப்பது நாலு வழி. மருந்துக்காக நாமே வளர்ப்பது, வளர்க்காமல் புகையிலைக் கழிவை வாங்கிக்கொள்வது, புகையிலையே இல்லாமல் வேம்போடும் சோப்புத் தண்ணீரோடும் நின்றுகொள்வது, மருந்தை மறந்துவிட்டுப் பூவுக்காக மட்டும் வைப்பது. இதில் எனக்குத் தெளிவான கட்சி உண்டு, மறைக்கப் போவதில்லை. ஆனால் எந்த வழி என்று முடிவு செய்வதற்கு முன்னால், உங்கள் தோட்டத்தில் இப்போது என்ன நிற்கிறது என்று ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வாருங்கள். முடிவில் முக்கால்வாசி அங்கேயே தெரிந்துவிடும்.

முதலில் தக்காளியைப் பாருங்கள்

புகையிலை, தக்காளி, மிளகாய், கத்தரி, உருளைக்கிழங்கு எல்லாம் ஒரே குடும்பம். ஒன்றுக்கு வருகிற பல நோய்கள் மற்றதுக்கும் வரும். அதில் ரொம்ப மோசமானது தேமல் நோய். உலகத்தில் முதலில் கண்டுபிடிக்கப்பட்ட வைரஸே புகையிலைத் தேமல் வைரஸ்தான். 1892-ல் ருஷ்யாவின் இவனோவ்ஸ்கி, நோய் கண்ட இலையின் சாற்றை பாக்டீரியா நுழைய முடியாத வடிகட்டியில் வடித்த பிறகும் அது நோயைப் பரப்புவதைக் காட்டினார். 1898-ல் ஹாலந்தின் பெயரிங்க், இது பாக்டீரியா இல்லை, வேறு ஏதோ ஒன்று என்று சொல்லி அதற்கு வைரஸ் என்ற பெயரைக் கொடுத்தார். அந்தப் பெருமையெல்லாம் சரி, வீட்டுத் தோட்டக்காரர் கவலைப்பட வேண்டிய விஷயம் வேறு. இந்த வைரஸ் பரவுவதற்குப் பூச்சியே தேவையில்லை. கை போதும், கத்தரிக்கோல் போதும், செடியில் உரசிய சட்டை போதும். காய்ந்த இலையில் வருஷக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தக்காளி வளர்க்கும் பெரிய பசுமைக்குடில்களில், புகைபிடிக்கிறவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் செடியைத் தொட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்வது இதனால்தான்.

நோய் வந்துவிட்டால் இலையில் வெளிர் பச்சையும் கரும் பச்சையும் திட்டுத் திட்டாகத் தெரியும், இலை நெளிந்து சிறுத்துப் போகும், காய் குறையும். மருந்து கிடையாது, பிடுங்கிப் போட வேண்டியதுதான். இது போதாதென்று வெள்ளை ஈ. அதன் அறிவியல் பெயரிலேயே புகையிலை இருக்கிறது, பெமிசியா டபாசி, 19-ம் நூற்றாண்டின் கடைசியில் கிரீஸ் நாட்டுப் புகையிலைச் செடியில் கண்டெடுத்ததால் வைத்த பெயர். தக்காளிக்கும் மிளகாய்க்கும் இலைச்சுருட்டு நோயைக் கொண்டுவந்து சேர்க்கிற அதே ஈதான். மண்ணுக்குள் போனால் வேர் முடிச்சு நூற்புழு. அப்புறம் புகையிலைக் காளான் என்று தோட்டக்காரர்கள் சொல்வது. பெயர்தான் காளான், உண்மையில் பச்சையமே இல்லாத ஒரு பூச்செடி, வேரில் ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சி மண்ணைப் பிளந்து மேலே வரும். அதற்குத் தக்காளி வேரும் கத்தரி வேரும்கூடப் பிடிக்கும்.

இதனால் என் முதல் தீர்ப்பு இது. மொட்டைமாடியில் பத்துப் பதினைந்து பையில் தக்காளியும் மிளகாயும் கத்தரியும் வைத்திருப்பவர், அந்தப் பைகளுக்கு நடுவே புகையிலையைக் கொண்டுவரவே வேண்டாம். எந்த வகையாக இருந்தாலும் சரி. காய்கறியைக் காப்பாற்ற வைத்த செடி காய்கறிக்கே நோயைக் கொண்டுவந்து கொடுக்கும் இடம் அது. மாடியில் ஒதுக்குப்புறம் என்று ஒன்று கிடையாது, ஒரே பூவாளி, ஒரே கத்தரிக்கோல், ஒரே கை எல்லாச் செடிக்கும் போகிறது.

கீரை, அவரை, புடலை, பாகல், வெண்டை மட்டும் வைத்திருப்பவர், அல்லது தரையில் தாராளமாக இடம் உள்ளவர், மேற்கொண்டு யோசிக்கலாம்.

புகையிலை நின்றால் பூச்சி வராது என்பது சரியா?

சரியில்லை. இதை நம்பித்தான் பலர் விதை வாங்குகிறார்கள் என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். புகையிலை இலையைத் தொட்டுப் பார்த்தால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டும். இலை முழுக்க மெல்லிய மயிர், ஒவ்வொரு மயிரின் நுனியிலும் பிசின் துளி. சின்னச் சின்ன ஈக்களும் சிறகு முளைத்த அசுவினியும் அதில் கால் மாட்டிச் செத்துக் கிடப்பதை நன்றாகப் பார்க்கலாம். இதைப் பார்த்துவிட்டு, இந்தச் செடி தோட்டத்துக்கே காவல் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆனால் அதே செடியின் இலைக்கு அடியைத் திருப்பிப் பாருங்கள், வெள்ளை ஈ இருக்கும், அசுவினி கூட்டமாக இருக்கும், பழுப்பு ரோமம் போர்த்திய முட்டைக் குவியலும் இருக்கலாம். அது புகையிலைப் புழுவின் முட்டை. ஒரு குவியலில் நூற்றுக்கணக்கில் இருக்கும், பொரித்தவுடன் எல்லாமே ஒரே இலையில் உட்கார்ந்து பச்சையைச் சுரண்டித் தின்று இலையைச் சல்லடையாக்கிவிட்டு, வளர்ந்த பிறகு தோட்டம் முழுக்கப் பரவும். ஆமணக்கு, நிலக்கடலை, முட்டைக்கோஸ், மிளகாய் என்று அது தொடாத பயிர் குறைவு. புகையிலை விவசாயிகளே தங்கள் வயலைக் காப்பாற்ற ஓரத்தில் ஆமணக்கு நட்டு, தாய் அந்துப்பூச்சி அதில் முட்டையிட வைத்து, அந்த இலைகளைக் கிள்ளி அழிக்கிறார்கள். அப்படியிருக்க, பக்கத்தில் நிற்கும் புகையிலை உங்கள் வெண்டையைக் காப்பாற்றும் என்று எதிர்பார்ப்பதில் அர்த்தமில்லை.

நிக்கோட்டின் வேலை செய்வது இலையிலிருந்து அதை நாம் பிரித்து எடுத்து, பூச்சியின் மேல் படும்படி தெளிக்கும்போதுதான். ஆக மருந்துக்காக என்றால், செடியை வைத்தால் மட்டும் போதாது, வளர்த்து, ஒடித்து, உலர்த்தி, காய்ச்ச வேண்டும்.

வளர்ப்பது என்று முடிவு செய்தால்

தமிழ்நாட்டில் வேடசந்தூர், ஈரோட்டுப் பக்கம், வேதாரண்யம் இங்கெல்லாம் விளைவது மெல்லும் புகையிலை. வட்டக்கப்பல், ஊசிக்கப்பல், கருங்கப்பல், மொன்னை என்று பழைய நாட்டு ரகங்கள் உண்டு, வேடசந்தூர் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட பாக்யலட்சுமி, மீனாட்சி, அபிராமி போன்றவையும் உண்டு. நம் ஊர் வெயிலுக்கும் மண்ணுக்கும் பழகியது என்பதால், மருந்துக்கு வளர்ப்பவர் இதில் எது கிடைக்கிறதோ அதை எடுத்துக்கொள்வதே நல்லது. இணையத்தில் விற்கும் வெர்ஜீனியா விதைகளைத் தவிர்த்துவிடுங்கள். வெர்ஜீனியா வகையைப் பயிரிட 1975-ம் ஆண்டு சட்டப்படி புகையிலை வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். நமக்கு அந்த வம்பு தேவையில்லை, அதில் மருந்துக்கென்று தனிச் சிறப்பும் கிடையாது. ஆஸ்திரேலியாவில் இருக்கும் நம்மவர்கள் இந்தப் பகுதியையே தாண்டிப் போய்விடலாம், அங்கே உரிமம் இல்லாமல் சொந்தத் தேவைக்குக்கூடப் புகையிலை பயிரிட முடியாது.

விதை மூக்குப்பொடி மாதிரி இருக்கும். ஒரு கிராமில் பத்தாயிரத்துக்கும் மேல். இதைப் பார்த்துப் பழகாதவர்கள் மண்ணைக் கிளறி விதைத்து மூடிவிடுவார்கள், ஒன்றும் முளைக்காது, ஏனென்றால் இந்த விதை முளைக்க வெளிச்சம் வேண்டும். ஒரு சிட்டிகை விதையை இரண்டு கை மணலோடு கலந்து, ஈரப்படுத்திய மேல்மண்ணில் தூவிவிட்டு, உள்ளங்கையால் லேசாகத் தட்டிவிட்டால் போதும். மேலே மண் போடக் கூடாது. பூவாளியில் நேராக ஊற்றினால் விதை எல்லாம் ஒரு மூலைக்கு அடித்துப் போய்விடும், கையால் தெளிக்கலாம் அல்லது தட்டை அடியிலிருந்து நனைய விடலாம். ஒரு வாரம் பத்து நாளில் பச்சைப் புள்ளிகளாகத் தெரியும். அப்புறம் நெருக்கமாக இருப்பதை ஈவு இரக்கம் பார்க்காமல் கலைத்துவிட வேண்டும், நெருக்கமும் ஈரமும் சேர்ந்தால் நாற்றழுகல் ஒரே ராத்திரியில் தட்டையே காலி செய்துவிடும்.

ஆவணி, புரட்டாசியில் நாற்றங்கால் போட்டு, ஆறேழு வாரம் கழித்து நடுவது வழக்கம். வேதாரண்யம் மாதிரி கடற்கரை மணல் பகுதிகளில் வடகிழக்கு மழை முடியட்டும் என்று காத்திருந்து மார்கழியை ஒட்டி நடுவார்கள், அங்கே குடத்தில் மொண்டு செடிக்குச் செடி தண்ணீர் ஊற்றுகிற வழக்கமும் உண்டு. மழைத் தண்ணீர் தேங்கினால் புகையிலை தாங்காது, வேர் மூச்சுத் திணறி இலை அப்படியே துவண்டு தொங்கிவிடும். களிமண் கொல்லையாக இருந்தால் மேட்டுப்பாத்தி கட்டாயம். கிணற்றுத் தண்ணீர் சற்று உவர்ப்பாக இருந்தாலும் மெல்லும் புகையிலை சமாளித்துக்கொள்ளும், அந்த வகையில் இது கத்தரியைவிடப் பிடிவாதமான செடி. இடைவெளி செடிக்குச் செடி முக்கால் மீட்டர் வேண்டும். ஒரு இலையே இரண்டடி நீளம் போகும், சின்னத் தொட்டியில் வைத்தால் இலையும் சின்னதாக, மஞ்சளாக நின்றுவிடும்.

இனிமேல் வருவதுதான் பலர் விட்டுவிடுகிற வேலை. நிக்கோட்டின் இலையில் உண்டாவதில்லை. வேரில் உண்டாகி, தண்ணீர் ஏறுகிற குழாய் வழியாக மேலே வந்து இலையில் சேருகிறது. செடி பூக்க ஆரம்பித்தால் சத்து முழுக்கப் பூவுக்கும் விதைக்கும் போய்விடும். மொட்டு எட்டிப் பார்க்கும்போதே தலையைக் கிள்ளிவிட்டால் இலை கனக்கும், வேரில் நிக்கோட்டின் உற்பத்தியும் கூடும். மெல்லும் புகையிலையில் செடிக்கு எட்டு முதல் பத்து இலை விட்டுக் கொழுந்தை ஒடிப்பார்கள். ஒடித்த ஒரு வாரத்துக்குள் ஒவ்வொரு இலைக் கக்கத்திலிருந்தும் சிம்பு கிளம்பும், வாரா வாரம் அதையும் உடைக்க வேண்டும். வேடசந்தூர்ப் பக்கம் பல காலம் புகையிலை போட்ட ஒரு பெரியவரிடம் இதைப் பற்றிப் பேசியபோது, "சிம்பு ஒடிக்கச் சோம்பல்பட்டா புகையிலை போடாதே தம்பி, கொத்தவரை போடு, அது சும்மா காய்க்கும்" என்றார். வீட்டுத் தோட்டத்துக்கும் அதேதான். தலை கிள்ளாத, சிம்பு எடுக்காத செடியின் இலையில் காய்ச்சிய கஷாயத்தில் காரம் இருக்காது.

நடுவதிலிருந்து கணக்கிட்டால் நாலு மாதம் போல ஆகும், இலை தடித்து, மேலே மஞ்சள் புள்ளி விழுந்து, மடக்கினால் மொடமொடவென்று உடையும், அதுதான் பக்குவம். வெட்டி நிழலில் கட்டித் தொங்கவிட்டு உலர்த்தினால் நமக்குப் போதும். பாடம் போடுவது, புகை மூட்டுவது, வெல்லப்பாகு தெளிப்பது எல்லாம் மெல்லுகிறவர்களின் ருசிக்காகச் செய்வது, பூச்சிக்கு அது ஒன்றும் வேண்டாம்.

இப்போது அளவைப் பாருங்கள், இந்த ஒப்பீட்டில் எனக்கு முக்கியமாகப் படுவது இது. நன்றாக வளர்ந்த ஒரு செடி 150 முதல் 200 கிராம் வரை உலர்ந்த இலை தரும். கஷாயத்துக்கு வேளாண் புத்தகங்களில் உள்ள அளவு 500 கிராம் புகையிலைக்கு நாலரை லிட்டர் தண்ணீர், அதில் 120 கிராம் பார் சோப்பைக் கரைத்துச் சேர்த்து, அடிக்கும்போது ஆறேழு மடங்கு தண்ணீர் கலக்க வேண்டும். மூன்று செடி இருந்தால் முப்பது லிட்டர் தெளிப்பு ஆகிவிடும். வீட்டுத் தோட்டத்தில் ஒரு தடவைக்கு இரண்டு லிட்டர் போதும். ஆக, ஒரே ஒரு செடி வருஷத்துக்கே தாராளம். இரண்டு வைக்கலாம், ஒன்று போனால் இன்னொன்று இருக்கட்டும் என்று. வரிசையாகப் பத்துச் செடி நடுகிறவர் இலையை என்ன செய்வது என்று தெரியாமல் முழிப்பார், அல்லது வீட்டில் யாராவது மெல்ல ஆரம்பிப்பார்கள்.

வீரியம் அதிகம் என்று சொல்லி ருஸ்டிகா என்ற இன்னொரு இனத்தையும் சிலர் பரிந்துரைக்கிறார்கள். பீகார், வங்காளம் பக்கம் குளிர்காலத்தில் விளைவது, இடுப்பளவு உயரம், தடித்த இலை, மஞ்சளும் பச்சையுமான சின்னப் பூ. சிலவற்றில் நிக்கோட்டின் 9 சதவீதம் வரை போகும், சாதாரணப் புகையிலையைவிடப் பல மடங்கு. அதனாலேயே வேண்டாம் என்பேன். கஷாயத்தின் காரம் எவ்வளவு என்று அளக்க நம் வீட்டில் கருவி கிடையாது, குழந்தைகள் ஓடியாடும் கொல்லையில் இவ்வளவு விஷமுள்ள செடிக்கு அவசியமும் இல்லை.

வளர்க்காமல் வாங்கினால்?

புகையிலைத் தொழில் நடக்கும் ஊர்களில் காம்பும் நரம்பும் உடைசலும் தூளும் கழிவாக மிஞ்சும், பக்கத்தில் இருப்பவர்களுக்கு அது எளிதாகக் கிடைக்கும். இதில் நாலு மாத வேலை மிச்சம், பூச்சியை வரவழைக்கிற செடியும் தோட்டத்தில் நிற்காது. வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள், வாசனையும் சுண்ணாம்பும் சேர்த்த மெல்லும் புகையிலைப் பொட்டலம் இதற்கு ஆகாது, எதுவும் சேர்க்காத வெறும் இலைக் கழிவுதான் வேண்டும். சிகரெட் துண்டுகளைப் பொறுக்கி ஊறவைத்துக் கீரைக்கு அடிக்கிற யோசனையும் உலவுகிறது. தயவுசெய்து செய்யாதீர்கள், அந்த வடிகட்டியில் தாரும் எரிந்ததன் மிச்சமும் படிந்து கிடக்கிறது, அது போகிற இடம் நம் சாப்பாட்டுத் தட்டு.

ஆனால் வாங்கிய இலையில் தேமல் வைரஸ் இருக்குமா இருக்காதா என்று கண்ணால் சொல்ல முடியாது. அதனால் 24 மணி நேரம் ஊறவைப்பது, அரை மணி நேரம் கொதிக்கவைப்பது என்று இருக்கிற இரண்டு முறைகளில், கொதிக்கவைப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வைரஸ் சாகச் சுமார் 93 டிகிரி சூட்டில் பத்து நிமிஷம் வேண்டும், சும்மா ஊறவைத்த தண்ணீரில் அது அப்படியே இருக்கும், அதைத் தக்காளி மேல் தெளித்தால் நோயை நாமே தெளித்த மாதிரி. கொதிக்கவைப்பது வெளியில், காற்றோட்டமான இடத்தில், அதற்கென்று ஒதுக்கிய பழைய பாத்திரத்தில். அந்தப் பாத்திரம் திரும்ப அடுப்படிக்குள் வரவே கூடாது.

நிக்கோட்டின் செடியிலிருந்து வருகிறது என்பதால் சாதுவான மருந்து என்று எண்ண வேண்டாம். தோல் வழியாகவே உடம்பில் ஏறும். பனியிலோ மழையிலோ நனைந்த பச்சை இலையைக் கையால் பறிக்கும் தொழிலாளர்களுக்குத் தலைசுற்றலும் வாந்தியும் தலைவலியும் வருவது உலகம் முழுக்கப் பதிவான தொழில் நோய். அதனால் இலையில் ஈரம் காய்ந்த பிறகு, கையுறையோடு, முழுக்கைச் சட்டையோடு வேலை செய்ய வேண்டும். கஷாயம் வேண்டாத பூச்சி, வேண்டிய பூச்சி என்று பார்க்காது, தேனீயையும் பொறிவண்டையும் சேர்த்தே கொல்லும். இந்தியாவில் நிக்கோட்டின் சல்பேட்டை உள்நாட்டு உபயோகத்துக்குத் தடை செய்துவிட்டார்கள், அமெரிக்காவில் நிக்கோட்டின் பூச்சிக்கொல்லிக்கு இருந்த கடைசிப் பதிவும் 2014-ன் தொடக்கத்தோடு முடிந்தது. வீட்டில் காய்ச்சும் கஷாயம் அந்த அளவு செறிவானது இல்லை, உண்மைதான். என்றாலும் கீரைக்கும் பச்சையாகச் சாப்பிடும் எதற்கும் இதை அடிக்கக் கூடாது என்பதில் நான் உறுதி. பூத்திருக்கும் கொடியில், தேனீ வரும் நேரத்தில், அறவே கூடாது.

அப்படியானால் வேம்பு?

என் கட்சி இதுதான். வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் என்று ராத்திரி ஊறவைத்து, காலையில் வடிகட்டி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து, வெயில் தாழ்ந்த பிறகு அடித்தால் சாறு உறிஞ்சும் பூச்சி, இலை தின்னும் புழு இரண்டுக்குமே பயன்படும். வெயில் பட்டால் வேம்பின் வீரியம் போய்விடும் என்பதால் சாயங்காலம் அடிப்பது முக்கியம், வாரம் ஒரு தடவை திரும்ப அடிப்பதும் முக்கியம். வேகம் என்று பார்த்தால் புகையிலைதான் ஜெயிக்கும், அதை மறுக்க முடியாது. கஷாயம் பட்ட அசுவினி அன்றைக்கே உதிரும். வேம்போ பூச்சியைத் தின்னவிடாமல், தோலுரிக்கவிடாமல், மெல்ல மெல்லத்தான் குறைக்கும், அடித்த மறுநாள் போய்ப் பார்த்தால் எல்லாம் அப்படியே உட்கார்ந்திருக்கும், அதைப் பார்த்துப் பொறுமை இழந்துவிடக் கூடாது.

ஆனால் யோசித்துப் பாருங்கள், புகையிலைக் கஷாயம் நன்றாகக் கேட்கும் பூச்சிகள் எவை? அசுவினி, இலைப்பேன், தத்துப்பூச்சி, இளம் மாவுப்பூச்சி, எல்லாமே உடம்பு மெத்தென்று இருப்பவை. அசுவினிக்கும் மாவுப்பூச்சிக்கும் வெறும் சோப்புத் தண்ணீரே போதும், பூச்சியின் மேல் நேராகப் பட்டால் அதன் மெழுகுத் தோல் கரைந்து காய்ந்துவிடும். அவரைக் கொழுந்தில் கருப்பாக மொய்த்திருக்கும் அசுவினியை முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கீழே தள்ளிவிட்டு, இரண்டு நாள் விட்டுச் சோப்புத் தண்ணீர் தெளித்தால் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். இவ்வளவு எளிதில் சாகிற பூச்சிக்காக நாலு மாதம் ஒரு விஷச்செடியைச் சிம்பு ஒடித்து வளர்ப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. கத்தரிக் காய்த்துளைப்பான், வெண்டைக் காய்ப்புழு மாதிரி காய்க்குள் போய் உட்கார்ந்துகொள்ளும் புழுவுக்குப் புகையிலையும் கேட்காது, உள்ளே மருந்து போனால்தானே.

இதற்கு மேலும் புகையிலை வேண்டும் என்று நினைக்கும் இடம் ஒன்று உண்டு. பெரிய கொல்லை, பந்தல் பந்தலாக அவரையும் புடலையும், வேம்பும் சோப்பும் மாறி மாறி அடித்தும் அசுவினி அடங்காத வருஷம். அங்கே கடைசி ஆயுதமாக, ஒரே ஒரு தடவை, பூக்கும் முன்னால் கஷாயம் அடிப்பதில் தவறில்லை. அதற்குக்கூட அரைக் கிலோ கழிவு வாங்கினால் தீர்ந்தது, செடி வேண்டியதில்லை. அடித்த பிறகு குறைந்தது ஒரு வாரமாவது காய் பறிக்காமல் இருங்கள், பறித்ததை நன்றாகக் கழுவுங்கள்.

பூவுக்காக வைப்பவர்களுக்கு

இந்த வழியைத்தான் நான் மனசாரப் பரிந்துரைக்கிறேன், தக்காளி இல்லாத தோட்டமாக இருந்தால். விதைப் பொட்டலத்தில் நிக்கோடியானா என்று போட்டிருக்கும். அதில் அலாட்டா என்பது தென் அமெரிக்காவைச் சேர்ந்தது, நீளமான குழல், நுனியில் ஐந்து முனை நட்சத்திரமாக வெள்ளைப் பூ. பகலில் வாடியது போலத் தொங்கும், பொழுது சாய்ந்ததும் நிமிர்ந்து விரிந்து மணம் வீசும், நீண்ட உறிஞ்சுகுழல் உள்ள அந்துப்பூச்சிகளை வரவழைக்கத்தான் அந்த மணம். வேலைக்குப் போய்விட்டுச் சாயங்காலம் வீடு திரும்புகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பூ கிடைக்காது. சில்வெஸ்ட்ரிஸ் என்று இன்னொன்று, ஆள் உயரம் வளர்ந்து உச்சியில் கொத்தாக வெள்ளைக் குழல்கள் தொங்கும். நாம் பயிரிடும் புகையிலையின் இரண்டு பெற்றோர்களில் ஒன்று இது. கடைகளில் அதிகம் கிடைப்பது என்னவோ குட்டையான கலப்பினங்கள், சிவப்பு, இளஞ்சிவப்பு, எலுமிச்சைப் பச்சை என்று பல நிறங்களில், பகலிலேயே விரிந்திருக்கும். பார்க்க நன்றாக இருக்கும், மணம் குறைவு. மணத்துக்காக வாங்குகிறவர் ஏமாறாமல் இருக்க, அலாட்டா என்று பெயர் போட்டிருக்கிறதா, வெள்ளை நிறமா, உயரமாக வளரும் வகையா என்று பார்த்து வாங்குங்கள்.

விதைப்பு முன்னால் சொன்ன அதே முறைதான், வெளிச்சம் படும்படி மேலாகத் தூவுவது. சமவெளியில் பெருமழை ஓய்கிற சமயத்தில் நாற்று தயாராக இருக்கும்படி ஐப்பசி வாக்கில் விதைத்தால் தை, மாசியில் பூக்கும், பங்குனி வெயிலில் ஓய்ந்துவிடும். ஊட்டி, கொடைக்கானல் குளிரில் இன்னும் பல மாதம் நீடிக்கும். இதில் தலை கிள்ள வேண்டாம், சிம்பு ஒடிக்க வேண்டாம், வாடிய பூக்காம்பை மட்டும் நறுக்கிவிட்டால் புதுக் கிளை வரும். காலை வெயிலும் மத்தியான நிழலும் கிடைக்கிற மூலை, பன்னிரண்டு அங்குலத் தொட்டி, இவ்வளவு போதும்.

இதுவும் புகையிலைதான் என்பதை மறக்கக் கூடாது. இலையில் நிக்கோட்டின் உண்டு, தேமல் வைரஸும் இதில் தங்கும். தவழ்கிற குழந்தை, எதையும் கடித்துப் பார்க்கிற நாய்க்குட்டி, அவிழ்த்துவிட்ட ஆடு இருக்கும் வீட்டில் எட்டாத உயரத்தில் வையுங்கள், முடியாதென்றால் மணத்துக்கு நித்தியமல்லி போதும். காய் முற்ற விட்டால் ஒரு காயிலேயே ஏராளமான விதை உதிர்ந்து அடுத்த வருஷம் தொட்டிக்குத் தொட்டி முளைக்கும், காய் பழுப்பாகும் முன்பே வெட்டிவிடுங்கள்.

பருவம் முடிந்து பிடுங்கும் செடியை, மருந்துக்கு வைத்ததோ பூவுக்கு வைத்ததோ, காய்கறிக் கழிவுத் தொட்டியில் போட வேண்டாம், அந்த மக்கு அடுத்த வருஷம் தக்காளிப் பைக்குத்தான் போகும். தண்டிலும் காம்பிலும் சாம்பல் சத்து நிறைய இருக்கிறது, தென்னை இருக்கும் வீட்டில் அதன் வட்டப்பாத்தியில் புதைத்துவிடலாம். செடி நின்ற தொட்டி மண்ணில் அடுத்த இரண்டு பருவத்துக்குக் கீரை, வெங்காயம், செண்டுமல்லி என்று போட்டுக்கொள்ளுங்கள், கத்தரிக்கோலைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து எடுத்து வையுங்கள்.